ஒன்பது பேரின் நடை

தொமினிக் முழுக்கைச் சட்டைக்கு மாறியது இந்த ஆகஸ்டில்தான். அதற்கு முன் முப்பத்தோரு வருஷம் அரைக்கைச் சட்டையிலேயே வேலைக்கு வந்தவர். புதுச்சேரியில் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஒருவர் கடற்கரைச் சாலையில் வேகவேகமாக நடக்கிறார் என்றால், ஒன்று அவருக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கையில் எதையோ மறைக்க வேண்டும். தொமினிக்குக்குக் கிறுக்கு இல்லை. அவருடைய இடது கையில் ஐந்து வாட்சும் வலது கையில் நான்கு வாட்சும் இருந்தன. அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை.

எல்லாம் காலடி எண்ணுகிற வாட்ச். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்க்கிற கம்பெனி கொடுத்தது. மாத்திரை அடைத்து வருமே, அந்த அட்டைப்பெட்டியை அச்சடித்து மடித்து அனுப்புகிற கம்பெனி. சென்னையில் இருக்கிற தலைமை ஆபீசுக்குத் திடீரென்று தொழிலாளர்களின் உடம்பின் மேல் அக்கறை பிறந்துவிட்டது. ‘நலமே பலம்’ என்று பேர் வைத்து ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தார்கள். தினம் எட்டாயிரம் அடி நடக்க வேண்டும். ஒரு செக்‌ஷனில் இருக்கிற எல்லாரும் நடந்தால் அந்த செக்‌ஷனுக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அரைநாள் லீவு. ஒருத்தர் குறைந்தாலும் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மருந்துப்பெட்டி செய்கிற இடத்தில் கையில் எதையும் கட்டக்கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. வளையல், கயிறு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, எட்டு மணி நேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடக்கிற நடை எதுவும் சேர்த்தி இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அதற்கென்று தனியாக நடக்க வேண்டும். இதை யோசித்தவர்கள் யாரும் ஒரு நாள்கூடப் பெட்டி தூக்கியிருக்க மாட்டார்கள்.

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் நிரந்தர ஆட்கள் ஒன்பது பேர். முதல் மாதம் ஒருத்தரும் நடக்கவில்லை. பாகூர் பக்கத்திலிருந்து வருகிற கமலாவுக்கு வீட்டில் மூன்று மாடு. காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சோறாக்கிவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள். “வூட்டுக்குப் போயி மறுபடி நடக்கணுமா? வாட்ச கன்னுக்குட்டி காலுல கட்டிப் பாத்தேன். அது நானூறு அடிகூட நடக்கல, படுத்துக்கிச்சு,” என்றாள். செக்‌ஷனே சிரித்தது. வாட்சுகள் லாக்கரில் தூங்கின.

மனிதவள அதிகாரி அறிவுமதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது, எதற்கும் சத்தம் போட மாட்டாள், ஆனால் சென்னையிலிருந்து தினம் ஒரு போன் வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும். ரிடையர் ஆனபிறகு கான்ட்ராக்டில் டெஸ்பாட்ச் பேப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தொமினிக்கைக் கூப்பிட்டாள்.

“சார், நீங்கதான் அவங்கள ஊக்கப்படுத்தணும். உங்க செக்‌ஷன் நூறு பர்சென்ட் வந்துட்டா, உங்க கான்ட்ராக்ட்ட இன்னொரு வருஷம் நீட்டச் சொல்லி நான் மேல எழுதறேன். செப்டம்பர் முப்பதோட முடியுதில்ல?”

“எனக்கு வாட்ச் கெடையாதாம்மா?”

“நீங்க கான்ட்ராக்ட் சார். உங்களுக்கு இதுல இடம் இல்ல.”

ஆரோக்கியமாக இருக்க உரிமை இல்லாத ஒருவரைத்தான் மற்றவர்களின் ஆரோக்கியத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். தொமினிக் அதைப் பற்றி வருத்தப்படவில்லை. அவர் காதில் விழுந்தது ‘இன்னொரு வருஷம்’ என்பது மட்டும்தான். பணத்துக்காக இல்லை, அவருடைய செலவுக்குப் பென்ஷனும் மகன் அனுப்புவதும் போதும். காலையில் எழுந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போக அவருக்கு உலகத்தில் அந்த ஒரு மேஜைதான் இருந்தது.

மனைவி ஜூஸ்தின் போய்ச்சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலியார்பேட்டையில் அவர்கள் வீட்டில் இப்போது அவரும் சுவர்க்கடிகாரமும்தான். ஜூஸ்தினின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வீட்டுப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா அதைக் கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். “தொமினிக், சாப்பாடு ஆறுது” என்று ஜூஸ்தின் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால் தெருமுனைவரை கேட்கும். இப்போது தெருவில் பிரெஞ்சு மரியாதைப்படி அவர் முசே. கம்பெனியில் சார். பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்கிற மகன் ஃபிலிப்புக்குப் பப்பா. தொமினிக் என்று ஒருவர் இருப்பது ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனியிலும் அவரோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை, அதற்குக் காரணம் இருந்தது. விரல்ரேகை மெஷின் வருவதற்கு முன்னால் அவர்தான் டைம்கீப்பர். ஒரு நிமிஷம் லேட் என்றாலும் சிவப்பு மை. தாலி கட்டிவிட்டு நேராக வந்தவனுக்கும் சிவப்பு மைதான் போட்டார் என்று சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் பஞ்ச் பண்ணுவதை அவரால் பொறுக்கவே முடியாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சாமிக்கண்ணு, அப்போது அங்கேயே வேலை பார்த்த தன் மச்சான் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் பண்ணிவிட்டார். மச்சான் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான். தொமினிக் ரிப்போர்ட் எழுதினார். சாமிக்கண்ணுக்கு ஏழு நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்த நாளிலிருந்து சாமிக்கண்ணு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேப்பர் கொடுக்க வேண்டியிருந்தால் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். சாமிக்கண்ணுவுக்கே இப்போது ஐம்பத்தேழு வயது.

அந்த தொமினிக்தான் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒன்பது பேருக்குப் பொய்யாக நடந்தார். எப்படி ஆரம்பித்தது என்றால், ஜூலைக் கடைசியில் கமலாதான் ஆரம்பித்தாள். “சார் நீங்கதான் தெனம் பீச்சுல நடக்கறீங்களே, என்னுதையும் சேத்து நடத்திட்டு வாங்களேன்” என்று விளையாட்டாக வாட்சை மேஜைமேல் வைத்தாள். வேறு யாராவது வைத்திருந்தால் எடுத்து நீட்டியிருப்பார். ஆனால் அவரிடம் விளையாட்டாக ஒருத்தி பேசியே எத்தனை காலமாயிற்று. வாங்கிக்கொண்டார். மறுநாள் கலைவாணி, அதற்கு மறுநாள் மற்றவர்கள். சனிக்கிழமை அரைநாள் லீவு என்ற ஆசையில் சாமிக்கண்ணுவும் ஒரு நாள் வாய் திறக்காமல் வந்து தன் வாட்சையும் வைத்துவிட்டுப் போனார். கால் என்னவோ உண்மையாகத்தானே நடக்கிறது என்று தொமினிக் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களுக்கு அவர் ஒரு நாளும் அனுமதிக்காத சமாதானம் அது.

மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் அவர் மேஜையில் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் ஒவ்வொரு வாட்சாக வந்து விழும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வருவார். ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். டூப்ளே சிலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று ஒவ்வொன்றாகக் கட்டுவார். கட்டியதும் வாட்ச் கண் விழித்து எழுத்தைக் காட்டும். குட் ஈவினிங் கமலா. குட் ஈவினிங் கலைவாணி. குட் ஈவினிங் சாமிக்கண்ணு. ஒன்பது பேருக்கும் அவரே மனசுக்குள் பதில் சொல்லுவார். பிறகு கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டு வடக்குக் கோடிவரை போய் வருவார், அப்படி இரண்டு தடவை. குடும்பம் குடும்பமாக ஆட்கள் எதிரே வருவார்கள், சுண்டல் வாங்குவார்கள், பாறைமேல் ஏறும் பிள்ளைகளை அதட்டுவார்கள். ஒன்பது பேரைக் கையில் கட்டிக்கொண்டு அவர் தனியாகப் போவார்.

அந்த நடைக்குக் கூலி மறுநாள் காலையில் கிடைக்கும். எட்டே காலுக்கு ஒவ்வொருவராக மேஜைக்கு வருவார்கள். போனைப் பக்கத்தில் கொண்டுவந்தால் முந்தின நாள் நடை அதில் ஏறிவிடும். “எட்டாயிரத்து முன்னூறு, கமலா” என்பார். “நேத்து எனக்கு மட்டும் ஏன் சார் நூறு கம்மி, வலது கைய ஆட்டி நடக்கலியா?” என்று கலைவாணி வம்புக்கு வருவாள். அவளுடைய ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கடித்தாள் என்பதும், கமலாவின் சிவலை மாடு சினையாக இருப்பதும் அந்த மேஜையில்தான் அவருக்குத் தெரிந்தது. பத்தே நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் முந்தின நாள் சாயங்காலமே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தார். சொல்லப்போனால், ஜூஸ்தின் போனபிறகு அவர் சந்தோஷமாக இருந்தது இந்த இரண்டு மாதம்தான்.

ஆகஸ்ட் மாத ரிப்போர்ட்டில் டெஸ்பாட்ச் நூற்றுக்கு நூறு. அறிவுமதி எல்லாருக்கும் மைசூர்பாக் கொடுத்தாள். “எப்பிடி சார் செஞ்சீங்க?” என்று கேட்டாள். “பேசித்தான்,” என்றார் தொமினிக்.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்தே நடக்கும்போது அவருக்கு என்னவோ செய்தது. பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டினதும் நெஞ்சுக்குள் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி தட்டுவார்கள். மூச்சு வாங்கும். வயசு என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். எட்டாயிரத்தைக் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபிலிப் “உடம்பு எப்பிடி இருக்கு பப்பா?” என்று கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றார். அவன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான், சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆனால் அவர் சொல்லாததை வாட்சுகள் சொல்லிவிட்டன. அவை அடியை மட்டும் எண்ணவில்லை, துடிப்பையும் எண்ணியிருக்கின்றன. பதினெட்டாம் தேதி சென்னையிலிருந்து அறிவுமதிக்கு ஒரு கடிதம் வந்தது. டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒன்பது பேருக்கும் இதயத் துடிப்பு சீராக இல்லை, தினமும் மாலை ஆறரையிலிருந்து ஏழே முக்காலுக்குள் ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி தாறுமாறாகப் போகிறது, உடனே பரிசோதிக்கவும். அறிவுமதி ஆடிப்போய்விட்டாள். பெட்டி ஒட்டுகிற பசையின் வாடையாக இருக்குமோ என்று இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு வந்து பசை டின்னை மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் புதன்கிழமை. வாரம் ஒருமுறை வருகிற டாக்டர் நிர்மலாதேவி ஒன்பது பேரையும் வரிசையாகப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. டாக்டர் காகிதங்களை அப்படியும் இப்படியும் புரட்டிவிட்டு, அடுத்த புதன் மறுபடி பார்க்கிறேன் என்றார்.

கான்டீனில் தொமினிக் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஒன்பது பேரும் அவர் மேஜையைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ஒரே நேரத்தில் இத்தனை பேர் அவரோடு சாப்பிட உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கலைவாணிதான் பேசினாள். “சார், எங்க ஒம்போது பேருக்கும் நெஞ்சு நல்லா இருக்காம். அப்ப அந்த வாட்ச்சுல இருக்கறது யாரோட நெஞ்சு சார்?”

“வாட்ச் தப்பா காட்டியிருக்கும்மா.”

“ஒம்போதும் ஒரே மாதிரியா தப்பா காட்டும்?”

“டாக்டரம்மா இன்னும் கெளம்பல. போயி ஒரு தரம் காட்டிட்டு வாங்க சார்,” என்றாள் கமலா.

தொமினிக் டப்பாவை மூடினார். “காட்டுனா எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. எல்லாம் வெளிய வந்துரும். முப்பதாந்தேதி வரைக்கும் பொறுத்துக்குங்க. பதினோரு நாள்தான். ஆர்டர் கைக்கு வந்ததும் நானே போயி காட்டிக்கறேன். உங்களுக்கும் மெமோ வராது.”

மெமோ என்றதும் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மாட்டுக்குத் தவிடு என்று ஆளுக்கொரு பயம். அவர் கேட்டதைச் செய்வது அவர்களுக்கும் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“மூச்சு வாங்குதா?”

பதினாலு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. தொமினிக் தடுமாறிப்போனார். “அதெல்லாம் இல்ல,” என்றார். சாமிக்கண்ணு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை பிஸ்கட் டப்பாவில் எட்டு வாட்ச்தான் விழுந்தது. தொமினிக் லாக்கர் பக்கம் போனார். சாமிக்கண்ணு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“உன்னோடது வரல. ஒண்ணு கொறஞ்சா நூறு வராது சாமிக்கண்ணு.”

“வராட்டி போவுது.”

“உனக்கு லீவு போனா பரவாயில்ல. எனக்கு இருக்கறதே இதுதான்யா.” சொல்லிவிட்டு தொமினிக்குக்கே வெட்கமாக இருந்தது. யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

சாமிக்கண்ணு செருப்பு வாரை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து வாட்சை எடுத்து அவர் கையில் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை கடற்கரையில் காந்தி சிலை அருகே அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். சட்டைக்குள் ஒன்பது வாட்சும் ஒன்றாக அதிர்ந்தன. அவருக்கு ஏதோ ஆகிறது என்பது அந்த ஒன்பதுக்கும் தெரிந்தது, எதிரே போன நூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து, “அங்கிள், ஒரு போட்டோ எடுங்களேன்” என்று போனை நீட்டியது. எடுத்துக் கொடுத்தார். படம் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பார்த்துவிட்டு, தேங்க்ஸ் அங்கிள் என்று சிரித்து, நாலடி தள்ளிப் போய் வேறொருவரிடம் போனைக் கொடுத்தாள். இந்த இடத்தில் விழுந்து கிடந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தார். கையிலிருக்கும் வாட்சுகளைப் பார்த்து, இவர் பெயர் கமலா என்றுதான் நினைப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து மீதி அடிகளையும் நடந்து முடித்தார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு முதலுதவி அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. உள்ளே டாக்டரும் அறிவுமதியும் இருந்தார்கள்.

“சட்டக் கைய மடிச்சு விடுங்க சார்,” என்றார் டாக்டர்.

“எதுக்கு மேடம், எனக்கு ஒண்ணும்...”

டாக்டர் எழுந்து வந்து அவரே இரண்டு கைப்பொத்தானையும் கழற்றிச் சட்டையை முழங்கைவரை சுருட்டினார். தொமினிக் கறுத்த மனிதர். முழங்கைவரை வாட்ச் பட்டைகள் அழுத்தி அழுத்தி, அந்தக் கறுப்பிலும் தெரிகிற அளவுக்குச் சிவந்து தடித்த கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இடது கையில் ஐந்து, வலது கையில் நாலு. அறிவுமதி அதைப் பார்த்தாள், பிறகு எண்ணிவிடக் கூடாது என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். ஒரு மனிதரின் விரல்கள் அவர் கையில் அத்தனை நேரம் இருந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. விடாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது.

ஈ.சி.ஜி. காகிதம் வெளியே வந்ததும் டாக்டர் அதைக் கிழித்து அவரிடமே நீட்டினார். “இப்பிடி துடிச்சா உள்ள ரத்தம் கட்டிக்கும். அது மூளைக்குப் போனா கை கால் விழுந்துரும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க.”

டாக்டர் வெளியே போனபிறகு அறிவுமதி ஒரு கவரை மேஜைமேல் வைத்தாள். ஒட்டவில்லை. “உங்க ஆர்டர் சார். நேத்துதான் கையெழுத்தாகி வந்துச்சு. நாலு நாள்ல குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “இப்ப நான் இத எப்பிடி சார் குடுக்கறது? ஒருத்தருக்கு பதிலா இன்னொருத்தர் பதிவு பண்ணா என்ன தண்டனைன்னு இந்தக் கம்பெனிக்கு ரூல் எழுதிக் குடுத்ததே நீங்கதான்.”

அது உண்மை. அவர் கைப்பட எழுதியதுதான்.

“யாரும்மா சொன்னது?”

“சாமிக்கண்ணு. எழுதியே குடுத்துட்டாரு. தன்னோட வாட்ச மட்டும்தான் உங்ககிட்ட குடுத்ததா எழுதியிருக்காரு. வேற யார் பேரும் இல்ல.”

பிற்பாதி தொமினிக் காதில் ஏறவில்லை. சாமிக்கண்ணு என்ற பேரோடு காது அடைத்துக்கொண்டது. பதினாலு வருஷம் மனசில் வைத்திருந்து, சரியாக நாலு நாள் மிச்சம் இருக்கும்போது பார்த்துப் போட்டுவிட்டான். மேஜைக்குப் போனார். பிஸ்கட் டப்பாவையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்தார், பிறகு பிஸ்கட் டப்பாவை வைத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமலாவும் கலைவாணியும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே வரவில்லை. வேலை நேரத்தில் வரவும் கூடாது, அதுவும் அவர் எழுதிய ரூல்தான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் சாமிக்கண்ணு தன் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தொமினிக் அவரைப் பார்க்காததுபோல் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார்.

“அத எடுக்காத. பின்னாடி ஏறு.”

‘சார்’ போய், மரியாதைக்கு ஒட்டுகிற ‘ங்க’வும் போயிருந்தது. தொமினிக் திரும்பினார். “பதினாலு வருஷம் கழிச்சு பழி வாங்கிட்ட இல்ல.”

“ஆமா. அப்பிடியே வெச்சுக்க. ஏறு.”

“நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதாய்யா? நாலே நாளு.”

“அன்னிக்கி நீ ஒரு நாள் பொறுத்தியா? பொறுத்திருந்தா மச்சானே வந்து லீவு லெட்டர் குடுத்திருப்பான்.” சாமிக்கண்ணு வண்டியை உதைத்துக் கிளப்பினார். “திங்கக்கெழம ராத்திரியே பாக்கணும்னு நெனச்சேன், வாட்ச் உங்கிட்ட இருந்துச்சு. செவ்வாக்கெழம காலைல போன்ல ஏத்திப் பாத்தேன். நெஞ்சுத் துடிப்பு நூத்தி எழுவதுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறமும் நீ ரெண்டாயிரம் அடி நடந்திருக்க. என் பேர்ல நடந்து நீ செத்துப்போனா, நான் எங்க போயி சொல்றது?”

தொமினிக் ஸ்கூட்டர் சாவியை உருவிப் பையில் போட்டார். ஏறி உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டும்போது அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது.

“உனக்கு எத்தன நாள் சஸ்பென்ஷன்?”

“பதினஞ்சு. போன தடவ ஏழு. எல்லாம் வெல ஏறிக்கிட்டுதான போவுது.”

அறிவுமதி சொன்னதன் பிற்பாதி அப்போதுதான் தொமினிக்கின் மண்டையில் வந்து உட்கார்ந்தது. தன் பேரை மட்டும் எழுதியிருக்கிறான். எட்டுப் பேரை விட்டுவிட்டான். இரண்டாவது தடவை மாட்டினால் பதினைந்து நாள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறான். சாமிக்கண்ணுவின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார், காற்றில் கேட்காது என்று விட்டுவிட்டார். காற்று ஒரு சாக்குதான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் நிமிரவில்லை. “பேஷண்ட்டு கூட யாரு?”

“நான்தான்,” என்றார் சாமிக்கண்ணு.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

சாமிக்கண்ணு யோசித்தார். “கூட வேல செய்றேன்.”

“இன்னும் நாலு நாளைக்கு,” என்றார் தொமினிக். அந்தப் பெண் என்னத்தையோ எழுதிக்கொண்டு டோக்கனைத் தள்ளினாள். நாற்பத்து மூன்று.

இதயப் பிரிவுக்கு வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நோயாளியோடும் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள், பிளாஸ்க், பை, பழைய ரிப்போர்ட் என்று மடி நிறைய வைத்திருந்தார்கள். தொமினிக்கின் மடியில் சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. சட்டைக்கையை இறக்கிவிட மறந்து போயிருந்தார். கோடுகள் மெல்ல மங்கிக்கொண்டிருந்தன. இனி மாலையில் யாரும் வாட்ச் கொண்டுவந்து போட மாட்டார்கள். காலையில் எட்டே காலுக்கு அவரிடம் யாருக்கும் வேலை இருக்காது. சிவலை மாடு கன்று போட்டதா என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. உடம்பில் இருந்த பயத்தைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

“சாமிக்கண்ணு, ஒண்ணாந்தேதி காலைல எழுந்து நான் எங்க போறது?”

சாமிக்கண்ணு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை அவர். தெரிந்திருந்தாலும் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் தொமினிக்கின் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“டோக்கன் நாப்பத்தி மூணு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முப்பத்தோரு வருஷப் பழக்கம், கூப்பிட்டால் உடனே எழுந்துவிட வேண்டும். தொமினிக் சட்டென்று எழப்போனார். தலை சுற்றியது. சாமிக்கண்ணு அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தார்.

“தொமினிக்கு, என்னா அவசரம். மெதுவா ஏந்திரி.”

அந்தப் பேரை ஒரு மனிதர் வாயிலிருந்து அவர் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஜூஸ்தின் சொன்ன மாதிரி இல்லை. ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் கத்திக் கத்திக் கட்டையாகிப்போன குரல், கடைசியில் ஓர் உகரத்தை வேறு ஒட்டிவிட்டிருந்தது. இருந்தாலும் அது அவருடைய பேர்தான்.

உள்ளேயிருந்து இரண்டாவது தடவையாக எண்ணைக் கூப்பிட்டார்கள். தலைசுற்றல் நின்றுவிட்டிருந்தது, இப்போது எழுந்துவிடலாம். ஆனால் தொமினிக் எழவில்லை. சாமிக்கண்ணு இன்னொரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்.